நகரசபையின் கூரைகள்

ஓகஸ்ட் மாதம், கோடை விடுமுறை முடிந்து எல்லாரும் கந்தோருக்குத் திரும்பியிருந்த நேரம். எங்கள் நிதிப் பிரிவின் தலைவி என் மேசைக்கு வந்து, கையிலிருந்த கோப்பிக் கோப்பையை என் கடதாசிகளுக்கு மேலேயே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மேயருக்கு ஒரு அறிக்கை வேண்டும். இரண்டு பக்கம் போதும். நமது நகரசபையின் நிதிநிலை ஆரோக்கியமாக இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான்."

ஏன் இந்தக் கேள்வி என்று எனக்கு விளங்கியது. நவம்பரில் தேர்தல். கையிருப்பு நன்றாக இருப்பதால் வரியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மேயரின் கட்சிக்காரர்களிடையே கதை எழும்பியிருந்தது. அதற்கு முன்னால், கணக்குத் தெரிந்த ஒருவர் "தாங்கும்" என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த ஒருவர் நான்.

எங்களுடையது டென்மார்க்கின் கிழக்கு யூட்லாண்டில், ரண்டர்ஸிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள சிறிய நகரசபை. பள்ளிக்கூடங்கள், முதியோர் இல்லங்கள், நூலகம், நீச்சல் தடாகம், வீதி விளக்குகள் எல்லாம் அதன் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நான் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவன். பிறகு டெனிஷ் படித்து, என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து கந்தோர் வேலைக்கான பயிற்சியை முடித்தேன். நகரசபையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வருகிற பில்களுக்கு முத்திரை குத்தி அடுக்குவது. இன்று இந்த நகரத்தின் வரவு செலவுத் திட்டம் என் கணினி வழியாகப் போகாமல் சபைக்குப் போவதில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும் என்று மனைவி பகிடி பண்ணுவாள். உயரட்டும்.

அறிக்கையை மூன்று நாளில் எழுதினேன். இங்கே ஒரு நகரசபை சுகமாக இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் வைத்திருக்கும் அளவுகோல்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. வருஷம் முழுவதும் நாளாந்தக் கையிருப்பின் சராசரி எவ்வளவு, கடன் எவ்வளவு, திட்டமிட்டதற்கு மேல் செலவு போனதா என்பவைதான் அவை. எங்களுடைய சராசரி வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டு வந்திருந்தது. கடன் குறைவு. செலவு திட்டத்துக்குள் நின்றது. கடைசி வரியில், "நகரசபையின் நிதிநிலை ஆரோக்கியமானது" என்று எழுதினேன்.

அன்று வீட்டில் சோறு போட்டுக்கொண்டு அதை மனைவியிடம் சொன்னேன். அவள் இதே நகரசபையின் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவள். காலையில் ஐந்தரைக்கு எழும்பிப் போய், மனிதர்களைத் தூக்கி, கழுவி, உடுப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு வருபவள்.

"ஆரோக்கியம் எண்டா எழுதினனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம். கணக்கு அப்பிடித்தான் சொல்லுது."

"எங்கட இல்லத்தில நடைபாதையில மூண்டு வாளி வைச்சிருக்கிறம். மழை பெய்தா கூரை ஒழுகுது. ரெண்டு அறையைப் பூட்டி வைச்சிருக்கினம், சுவர் எல்லாம் பூஞ்சணம். அந்தக் கணக்கு எங்க இருக்கு?"

"அது கட்டடப் பிரிவின்ர வேலை. நான் பாக்கிறது நிதி."

"அப்ப கூரை போடக் காசு வேண்டாமோ?"

எனக்குக் கோபம் வந்தது. வேலைக் கதையை வீட்டுக்குள் கொண்டுவராதீர் என்று சொல்லிவிட்டேன். கதையைத் தொடங்கியதே நான்தான் என்பதை அவள் சுட்டிக்காட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

மறுநாள் கந்தோரில், அறிக்கையை அனுப்பும் முன், கட்டடத் திருத்த வேலைக்கான நிதியைத் திறந்து பார்த்தேன். புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஆறு வருஷமாக நான் பார்த்து வந்த பக்கம்தான். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிரிவில் பற்றாக்குறை வரும். விசேட தேவையுள்ள பிள்ளைகளின் செலவு கூடும், இல்லையென்றால் பனி அதிகம் கொட்டி வீதியில் உப்புப் போடும் செலவு கூடும். அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு தொகையை எங்கேயிருந்தாவது எடுக்கவேண்டும். கூரை வாய் திறந்து கேட்காது. சன்னல் சபைக்கு வந்து முறைப்பாடு செய்யாது. ஆகவே, திருத்த வேலை நிதியிலிருந்து எடுத்தோம். யோசனை என்னுடையது. சபை அதை ஏற்றது. மாற்றிய கை என் கை. முதல் வருஷம் வரவும் செலவும் சரியாக ஒத்துப்போனபோது தலைவி கேக் வாங்கி வந்து, எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்தக் கேக்கை நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

திரையில் அந்த ஆறு வருஷத்தின் வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு, பக்கத்தில் கையிருப்பையும் வைத்துப் பார்த்தேன். கையிருப்பு ஏறிய வேகமும் திருத்த வேலை குறைந்த வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. நாங்கள் சேமித்தது என்று நினைத்ததில் பெரும்பங்கு, செய்யாமல் விட்ட வேலை.

அறிக்கையை அனுப்பவில்லை. தலைவியிடம் இரண்டு கிழமை அவகாசம் கேட்டேன்.

"எதற்கு?"

"கட்டடங்களைப் பார்க்கவேண்டும்."

"நீங்கள் கணக்காளர். கட்டடத்தில் என்ன பார்ப்பீர்கள்?"

"தெரியாது. பார்த்தால்தான் தெரியும்."

அவர் நம்பாததுபோலத் தலையை ஆட்டினார். ஆனால் தடுக்கவில்லை.

பள்ளிக்கூடமொன்றில் கொதிகலன் முதல் கதவுத் திறப்புவரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான மனிதரை இங்கே பெடெல் என்பார்கள். நான் முதலில் போன பள்ளிக்கூடத்தின் பெடெல் என் வயதுக்காரர், பேச்சுக் குறைந்தவர். நகரசபையின் நிதிப் பிரிவிலிருந்து வருகிறேன் என்றதும் முகத்தை இறுக்கிக்கொண்டார். இன்னும் எதையோ வெட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். கூரையைப் பார்க்கவேண்டும் என்றேன். என் சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சோடி றப்பர் பூட்ஸ் கொண்டுவந்து தந்தார். ஏணியில் ஏறினோம்.

அந்தக் காலத்தில் கட்டிய தட்டைக் கூரை. மேலே தார் பூசிய விரிப்பு. அது கொப்பளம் கொப்பளமாக எழும்பி, வெடித்து, வெடிப்புக்குள் பாசி பிடித்திருந்தது. நடுவில் தண்ணீர் குளமாக நின்றது. உடற்பயிற்சி மண்டபத்துக்கு மேலே போனதும் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதற்கு மேல் நடக்கவேண்டாம்."

குனிந்து கையால் அமத்திக் காட்டினார். கூரை தண்ணீரில் ஊறிய பாண் துண்டுபோல உள்ளே போனது. கீழே பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எத்தனை தடவை எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வருஷமும். ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில் வரும். இந்த வருஷம் நிதி இல்லை."

அந்தப் பதிலுக்குக் காரணமானவன் அவருடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றான். நான் அதைச் சொன்னேன். அந்தக் காசை மாற்றியவன் நான்தான் என்றேன். அவர் கையிலிருந்த ஈரத்தைக் காற்சட்டையில் துடைத்தார்.

"சரி. இப்போது வந்து பார்த்தீர்களே," என்றார். பிறகு மற்றப் பெடெல்களுக்கு அவரே போன் எடுத்து, நான் வருகிறேன், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று சொன்னார்.

இரண்டு கிழமையும் சைக்கிளில் போனேன். ஒரு கட்டடத்தையும் விடவில்லை. உக்கிப்போன சன்னல் சட்டங்கள். உதிரிப்பாகம் இனிக் கிடைக்காத கொதிகலன். நீச்சல் தடாகத்தில் சுவரிலிருந்து கழன்று விழும் ஓடுகளை ஒரு பெண் பெட்டியொன்றில் சேர்த்து வைத்திருந்தார். மனைவி வேலை செய்யும் இல்லத்துக்கும் போனேன். அவள் மூன்று வாளி என்று சொன்னது பொய்யில்லை. எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கட்டடப் பிரிவின் பொறியியலாளரிடம் கொண்டுபோனேன். அவர் பல வருஷமாக யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்த மனிதர்போல உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுத் தந்தார். எது ஆபத்து, எது பொறுக்கும் என்று வரிசையும் அவரே போட்டார்.

டெனிஷில் இதற்கு ஒரு சொல் உண்டு, எஃப்டர்ஸ்லெப். பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். செய்யவேண்டிய காலத்தில் செய்யாமல் விட்ட வேலை எங்களுக்குப் பின்னால் இழுபட்டு வந்து, எங்கள் கையிருப்பைவிடப் பெரிதாக நின்றது.

அறிக்கையைத் திரும்ப எழுதினேன். அரசாங்கத்தின் அளவுகோல்படி நாங்கள் சுகம் என்பதையும் எழுதினேன், அது உண்மை. ஆனால், முதல் பக்கத்திலேயே அந்த இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டேன். ஏறும் கையிருப்பும் இறங்கும் திருத்த வேலையும். கடைசி வரியை இப்படி மாற்றினேன்: "கையிருப்பை மட்டும் பார்த்தால் நிதிநிலை ஆரோக்கியமானது. கட்டடங்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்லமுடியாது."

தலைவி படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதைப் பின்னிணைப்பாகப் போடுவோம்."

"பின்னிணைப்பை ஒருவரும் படிக்கமாட்டார்கள்."

"அதனால்தான் சொல்கிறேன். தேர்தல் காலம். உங்களுக்குத்தான் சிக்கல்."

"இன்னொரு சிக்கலும் இருக்கிறது," என்றேன். "என் மனைவி இந்த இல்லங்களில் ஒன்றில் வேலை செய்கிறாள். கூரைக் கதையை முதலில் சொன்னதும் அவள்தான். அதையும் நீங்கள் அறிந்திருக்கவேண்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பட்டியலை எடுத்து, அந்த இல்லம் எத்தனையாவதாக நிற்கிறது என்று பார்த்தார். பிறகு, "முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால், நீங்களே வந்து விளங்கப்படுத்தவேண்டும்," என்றார்.

நிதிக்குழுக் கூட்டத்தில் பெரும்பாலும் நான் சுவரோரமாக இருப்பவன். தலைவி பேசுவார், இலக்கம் மறந்தால் என் பக்கம் திரும்புவார். அன்று மேசைக்கு முன்னால் நின்றேன். டெனிஷ் எனக்கு நன்றாக வரும். என்றாலும் முதல் வசனத்தை எழுதிக்கொண்டு போயிருந்தேன். படத்தைக் காட்டினேன். கூரைகளைப் பற்றிச் சொன்னேன். வரியைக் குறைக்க ஆசைப்பட்ட உறுப்பினர் ஒருவர், நகரத்தில் கடை வைத்திருப்பவர், பேனாவால் மேசையைத் தட்டினார்.

"நீங்கள் பொறியியலாளரா?"

"இல்லை. விலை போட்டவர் பொறியியலாளர். அவருடைய கையெழுத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நான் கூரையில் ஏறிப் பார்த்தவன் மட்டும்."

யாரோ சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காசை இத்தனை வருஷமும் மாற்றியது யார்?" என்று கேட்டார்.

தலைவி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான். யோசனையும் என்னுடையது. ஒவ்வொரு தடவையும் இந்த மேசைதான் அதை ஏற்றது. அப்போது அது கெட்டித்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை."

மேயர், "நன்றி, யோசிப்போம்," என்றார். வெளியே வந்தபோது என் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. வேலை போனாலும் பரவாயில்லை என்ற துணிச்சலெல்லாம் எனக்கு இல்லை, வீட்டுக் கடன் இன்னும் இருந்தது. ஆனாலும், சைக்கிளில் ஏறியபோது உடம்பு லேசாக இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மனைவி வேலையால் வந்து, மழைக் கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஆர் வந்தது தெரியுமே?"

"ஆர்?"

"மேயர். விடிய, சாப்பாட்டு நேரம், ஒருத்தருக்கும் சொல்லாமல் தனிய வந்து நிக்கிறார். நல்ல மழை. நான் ஒரு அம்மாவை அவசரமா ரொய்லற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும், அங்கால வாளி நிரம்பி வழியுது. ஆள் ஆரெண்டே பாக்கேல்லை. இதைக் கொஞ்சம் ஊத்திப்போட்டு வாங்கோ எண்டு கையில குடுத்திட்டன்."

"மேயரிட்டயோ?"

"ஓம். அவரும் கொண்டுபோய் ஊத்திப்போட்டு வந்து, திருப்பி அதே இடத்தில வைச்சார். பிறகுதான் எங்கட பொறுப்பாளர் ஓடி வந்து, ஐயோ இது மேயரெல்லோ எண்டு சொல்லுறா."

எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. "பிறகு?"

"என்ர பெயர் அட்டையைப் பாத்திட்டு, இந்தப் பெயரில எங்கட கந்தோரிலயும் ஒரு ஆள் இருக்கிறார் எண்டார். அது என்ர மனிசன் எண்டன். அப்ப அவர்தான் உங்களுக்காக இதை எழுதினவரோ எண்டு கேட்டார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"அவர் முதல்ல ஆரோக்கியம் எண்டுதான் எழுதினவர், நான்தான் பேசினனான் எண்டு சொன்னன். கூரை என்ரயும் இல்லை, அவரின்ரயும் இல்லை, உங்கட கூரை எண்டும் சொன்னன்."

சொல்லிவிட்டு மழைக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். முப்பது வருஷமாக அவளோடு வாழ்கிறேன். அன்று குசினி வெளிச்சத்தில் அவளைப் பார்த்தபோது, இவள் என் மனைவி என்று நகரம் முழுக்கப் போய்ச் சொல்லவேண்டும்போல இருந்தது.

ஆனால், பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. கடைக்கார உறுப்பினருக்கு விஷயம் எட்டிவிட்டது. நகரசபை ஊழியர் ஒருவர் தன் மனைவி வேலை செய்யும் இடத்துக்குக் காசு தேடுகிறார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் சொன்னார். பெயர் போடவில்லை. எங்கள் ஊரில் பெயர் போடத் தேவையுமில்லை. இரண்டு நாள் சுப்பர்மார்க்கெற்றில் பால் வாங்கப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் அதைத் திரும்பவும் எடுத்தார். இந்த முறை தலைவி எழுந்தார். என்னோடு அதிகம் சிரித்துப் பேசாத மனிதர்.

"இந்த அறிக்கை உங்களிடம் வர முன்பே அவர் எனக்கு அதைச் சொல்லிவிட்டார்," என்றார். "பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதலில் நிற்பது பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம். அவருடைய மனைவியின் இல்லம் ஐந்தாவது. வரிசை பொறியியலாளருடையது. தனக்காக எழுதுகிறவர் அதை அப்படியே விடுவாரா?"

கடைக்காரர் பட்டியலைப் புரட்டினார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒக்ரோபரில் வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. வரிக் குறைப்பைக் கைவிட்டார்கள். கையிருப்பிலிருந்து ஒரு பகுதியையும் இனி வரும் வருஷங்களில் ஒரு நிலையான தொகையையும் திருத்த வேலைக்கு ஒதுக்கி, அந்த நிதியை வேறு பள்ளங்களுக்கு மாற்றக்கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை எழுதச் சொன்னது என்னிடம்தான். என் கையை நானே கட்டிப்போடும் வாசகம் அது. ஒரு ஓட்டையும் விடாமல் எழுதினேன். சபை மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். மேயரும் மற்றக் கட்சியினரும் கையை உயர்த்தினார்கள். கடைசியில், கொஞ்சம் தயங்கி, கடைக்காரரும் உயர்த்தினார்.

பள்ளிக்கூடம் முடிந்து, இல்லத்தின் கூரைக்கு அடுத்த வருஷக் கடைசியில்தான் முறை என்று வீட்டில் சொன்னபோது மனைவி முகத்தைத் தூக்கினாள்.

"அப்ப இன்னொரு குளிர்காலமும் வாளியோ?"

"பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மேல விழக்கூடிய கூரை அது. பெடெல் கையால அமத்திக் காட்டினதை நானே பாத்தனான்."

"சரி, பிள்ளையள்தான் முதல். எங்கட ஆக்களுக்கு நான் சொல்லுறன்," என்றாள். அடுத்த நாளே வேலைக்குப் போய்ச் சொல்லியும் விட்டாள். எரிச்சல்பட்ட சக ஊழியர்களுக்கு, அந்த வரிசை ஏன் சரி என்று என்னைவிட நன்றாக விளங்கப்படுத்தினாளாம்.

வசந்தம் வந்ததும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். பெடெல் எனக்கு ஒரு படம் அனுப்பினார். புதிய கூரையில் அவர் இரண்டு காலையும் அகட்டி வைத்து நிற்கிறார். எழுத்து ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை அச்செடுத்து என் மேசைக்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், நான் இந்த நகரசபையில் செய்த வேலைகளில் நல்லது எது என்றால் அதைத்தான் காட்டுவேன். கேட்காதவர்களுக்கும் சில நேரம் காட்டியிருக்கிறேன்.

இல்லத்தின் கூரையும் முறைப்படி முடிந்தது. கையிருப்பு இப்போது முன்பைவிடக் குறைவு. ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஆரோக்கிய அறிக்கையை இன்னும் நான்தான் எழுதுகிறேன். அதில் கட்டடங்களுக்கென்று ஒரு பக்கம் நிரந்தரமாகிவிட்டது. போன இலையுதிர்காலத்தில் பக்கத்து நகரசபை ஒன்றின் நிதிப் பிரிவிலிருந்து மூன்று பேர், அதை எப்படிச் செய்கிறோம் என்று கேட்டு வந்தார்கள். தலைவி அவர்களை என் மேசைக்கே கூட்டிவந்து, "இவரிடம் கேளுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்கள். நிறையப் பெருமையாக இருந்தது என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

போகும்போது ஒருவர், இதையெல்லாம் கணினியில் இருந்தே செய்யமுடியாதா என்று கேட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொன்னேன்.

"முதல்ல அவையைக் கூரையில ஏறிப் பாக்கச் சொல்லுங்கோ," என்றாள்.